ஊதற பக்கமும் உறிஞ்சற பக்கமும்

செருப்போடயே வாங்க தம்பி. கழட்டாதீங்க, கழட்டுனா உங்க காலுதான் சாம்பலாகும். மூணு நாளாத் தொடைக்கிறோம், இன்னும் போன பாடில்ல. காத்தாடியப் போட்டா மேல இருந்து கொட்டுது. தட்டத் தூக்குனா அதுக்கடியில இருக்குது. நேத்து ஒருத்தரு இட்லியப் புட்டுப் பாத்துட்டு, ஏனுங் பாவாயக்கா, இது ராகி இட்லியான்னு கேக்கறாரு. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?

அடுப்பு அதோ இருக்குது. நீங்கதான கம்பெனில இருந்து வர்றேன்னவரு? சாதிக்குன்னு போன்ல சொன்னாங்க. சரி சாதிக் தம்பி, நீங்க உங்க சோலியப் பாருங்க. நான் பேசிட்டே இருப்பேன், கண்டுக்காதீங்க. ஒரு மணி ஆச்சுன்னா சிப்காட்டுல இருந்து சாப்பாட்டுக்கு ஆளு வந்துரும். அதுக்குள்ள பத்த வெச்சுக் குடுத்துருங்க சாமி. ஒத்த கேஸ் அடுப்புல நூறு பேத்துக்குச் சோறாக்கி என்ற கையி ரெண்டும் கழண்டு போச்சு. இருங்க, ரோட்டுல ஏதோ காரு நிக்குது.

இல்ல. பக்கத்துக் கடைல டயருக்குக் காத்தடிக்க வந்தவன்.

எம்மவன் லோகு கோபிக்குப் போயிருக்கான். காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டான், மருமவளக் கூட்டியாறக்கு. மணி பதினொண்ணரை. போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ வருவாளா மாட்டாளான்னு தெரியாம எனக்கு ஒரு எடத்துல நிக்க முடியல. சரி உடுங்க. வந்தா வாரா, வராட்டிப் போறா.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அடுப்பு கெட்டுப் போச்சு. அவ்வளவுதான். மிஷினுன்னா கெடத்தான செய்யும்? என்னது? வெளிய போற சாம்பல் உள்ளாற வந்து அடைச்சிருக்குதா? வெளிய இருந்து ஆரோ ஊதியிருக்காங்களா? அதெப்படி, பாத்ததும் சொல்லிப் போட்டீங்க?

சரி. டாக்டர்கிட்டயும் மெக்கானிக்குகிட்டயும் மறைக்கக் கூடாது. நாந்தான் ஊதுனேன்.

இந்த அடுப்பே எம்மருமவ கொண்டாந்ததுதானுங்க. பிருந்தான்னு பேரு. கோபிப் பக்கம். அப்பா ஹெட்மாஸ்டரு. தை மாசம் கல்யாணம் ஆச்சு. அதுக்கு முன்ன எங்க மெஸ்ஸுல வெறகடுப்புதான். இருவது வருசம் வெறகடுப்புலதான் ஆக்கிப் போட்டேன், ஒருத்தரும் ஒரு கொற சொன்னதில்ல. இவ வந்து ரெண்டே மாசம். "அத்தை, உங்களுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது, பொகை ஆகாது"ன்னு லோகுவ நச்சரிச்சு இத வாங்க வெச்சுட்டா. எனக்கு இருமலாம்! அவளுக்குப் பொகை ஆகல, அதுக்கு என்ற தலைய உருட்டறா. இப்ப இருமல் வர்றதில்லையேன்னா கேக்கறீங்க? அது தானா நின்னு போச்சு.

கடலைக்காய் ஓடு, மரத்தூளு எல்லாத்தையும் அமுக்கி, வெரல் தண்டிக்குக் கட்ட கட்டயா மூட்டைல வருதே, பெல்லட்டு, அதப் போட்டா எரியுது. நல்லாத்தான் எரியுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா பொகை போற கொழாயில சாம்பல் அடைச்சுக்கும். உங்களுக்கே நான் பாடம் நடத்தறேன் பாருங்க.

அந்தக் கொழாயச் சுத்தம் பண்றது பிருந்தாதான். ஞாயித்துக்கெழம மெஸ்ஸு லீவு. அன்னிக்கு மத்தியானம் மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு, பின்னாடி சந்துக்குப் போயிருவா. கொழாய் முனை அங்கதான இருக்குது. கைல அந்த மிஷினு. தோட்டத்துல எல கூட்டறதுக்கு ஊதறாங்களே, அது. வெளக்குமாத்துல கூட்டுனா ஆகாதா, எலைக்கு ஒரு மிஷினான்னு நான் அன்னிக்கே கேட்டேன். சிரிச்சுக்குவா. நான் உள்ளார அடுப்புகிட்ட நிப்பேன். அவ சந்துல இருந்து, அத்தை தட்டுங்கன்னு சத்தம் போடுவா. நான் கரண்டில கொழாயத் தட்டுவேன். மிஷினு கத்தும். அஞ்சு நிமிசத்துல கொழாய் பளிச்சுனு ஆயிரும். அப்பறம் ரெண்டு பேரும் காப்பி குடிப்போம். அந்தக் காப்பி அவதான் போடுவா, சக்கர கம்மியாத்தான் போடுவா.

அவ வெளிய என்ன பண்றான்னு நான் போயிப் பாத்ததில்ல. பாக்கறதுக்கு என்ன இருக்குது? ஊதற மிஷினு ஊதும்.

இருங்க, போனு அடிக்குது. லோகுவா பாருங்க... இல்ல, வாழை எலைக்காரரு.

மொத வருசம் ஆடி வந்துச்சுன்னா பொண்ணப் பொறந்த ஊட்டுக்கு அழச்சுட்டுப் போறது எங்க பக்கம் வழக்கம். ஆடி ஒண்ணாந்தேதி அவங்கப்பா வந்து அழச்சுட்டுப் போனாரு. போறதுக்கு மொத நாளு ராவிக்கு உக்காந்து எழுதறா எழுதறா, ஒரு மணி நேரமா எழுதறா. எழுதி, அதோ பாருங்க, அடுப்புக்கு மேல செவுத்துல ஒட்டிட்டுப் போனா. பிளாஸ்டிக் கவருல போட்டு நாலு மூலைக்கும் டேப்பு. ஏன், வாயில சொன்னா முத்து உதுந்துருமா?

அதுதான் தம்பி அவகிட்ட எனக்குப் புடிக்காதது. எதுக்கெடுத்தாலும் எழுத்து. வந்த புதுசுல என்ற மொளகாப்பொடி டப்பா, உப்பு டப்பா எல்லாத்தையும் கழுவி, எடத்த மாத்தி, சீட்டு எழுதி ஒட்டி வெச்சா. எனக்கு எது எங்கன்னு கையிக்குத் தெரியும், இருவது வருசமாத் தெரியும். அவ மாத்துன அன்னிக்கு ரசத்துல உப்புன்னு சோடா மாவ அள்ளிப் போட்டுட்டேன். ரசம் பொங்கி நொரையாட்ட வழியுது. அத்தை, எழுதி ஒட்டியிருந்தேனேங்கறா. கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டேன்னு சொன்னேன்.

அப்பறம் பிரஷர் மாத்தர. காலைல எது, ராத்திரி எதுன்னு கவர் மேல எழுதி வெச்சுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. நான் மாத்தி முழுங்கிட்டேன். தோசக் கல்லுக்கு முன்னாலயே மயங்கி உழுந்துட்டேன். அன்னிக்கு அழுதா பாருங்க. என்ற தலைய மடில வெச்சுக்கிட்டு, "நான் எழுதறத நீங்க படிக்கறதே இல்ல அத்தை, நான் சொன்னா உங்களுக்கு மதிப்பில்ல"ன்னு அழுதா. கண்ணாடி ஒடஞ்சு போச்சு அம்மணின்னேன். அன்னிக்கு சாயந்தரமே கடைக்குக் கூட்டிட்டுப் போயிப் புதுக் கண்ணாடி வாங்கிக் குடுத்தா. அது இருக்குது, பெட்டிக்குள்ள. அதப் போட்டா எனக்குத் தல சுத்துது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நீங்க அந்த அடுப்புக் கதவக் கழட்டுங்க.

ஆடி முடிஞ்சுது. ஆடி நோம்பிக்கு லோகு போயிட்டு வந்தான், புதுச் சட்டையோட. ஆவணி பொறந்துது. அவ வரல. அம்மா, நீ ஒரு போன் பண்ணிக் கூப்புடேன்னு லோகு சொல்றான். நான் எதுக்குக் கூப்புடோணும்? அழச்சுட்டுப் போனவங்க கொண்டாந்து உடறதுதான முறை? மாமியாக்காரி போன் பண்ணிக் கெஞ்சோணுமா? ஒரு மாசமா இந்தப் பக்கம் அவளும் கூப்புடல, அந்தப் பக்கம் நானும் கூப்புடல. மெஸ்ஸுல ஆளு வந்து, பிருந்தாக்கா எங்கன்னு கேட்டுக் கேட்டு என்ற உசுர வாங்கறாங்க. ஆடிக்குப் போயிருக்கா, வருவா, வருவா. எத்தன நாளைக்கு இதையே சொல்றது?

அப்பறம் ஹெட்மாஸ்டரே லோகுவுக்குப் பேசியிருக்காரு. வெள்ளிக்கெழம முகூர்த்த நாளு, பொண்ணக் கொண்டாந்து உட்டுட்டுப் போறோம், ராகு காலத்துக்கு முன்ன வந்துருவோம்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மத்தியானம் ஒறம்பரைக்கு எல போடோணும், பாயசம், வடை, ரெண்டு பொரியல். விடியக்காலைல அடுப்பப் பத்த வெச்சா, செவப்பு லைட்டு எரியுது, குயிக் குயிக்னு கத்துது, பொகை சோத்துப் பானை மேல சுத்துது. பின்ன, ஒரு மாசமா ஆரும் கொழாயத் தொடல. லோகு நாளைக்கு நாளைக்குன்னே ஆடிய ஓட்டிட்டான். அன்னிக்குக் காலைல அவன் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டான்.

சரி, நம்ம பண்ணிக்கலாம்னு அடுப்ப அணைச்சு, மிஷின எடுத்துக்கிட்டு சந்துக்குப் போனேன். இத்தன நாளு பாக்கறனே, இதென்ன பெரிய வித்தையா? மூஞ்சியில துண்டக் கட்டுனேன். கொழாய் மூடியக் கழட்டுனேன். மிஷினோட மூக்கக் கொழாயில சொருகி அமுக்குனேன் பாருங்க, அடேங்கப்பா, என்ன காத்து! என்ன சத்தம்! எனக்கே ஒரு தெம்பு வந்துருச்சு. ஒரு பொட்டுச் சாம்பல் வெளிய வரல. பாத்தீங்களா, நம்ம ஊதற ஊதுல எல்லாம் சுத்தமாயிருச்சுன்னு எனக்குப் பெரும. அவ அஞ்சு நிமிசம் ஊதுவா, நான் பத்து நிமிசம் ஊதுனேன்.

சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிச்சுக்கங்க. நானும் சிரிச்சேன், அதுதான் வெனை.

நான் சந்துல நின்னு ஊதறேன், அந்நேரத்துக்கு முன்வாசல்ல காரு வந்து நின்னிருக்குது. லோகுவும் வந்துட்டான். எல்லாத்தையும் சாப்பிடற ஹால்ல உக்கார வெச்சுக் காத்தாடியப் போட்டிருக்கான். மிஷினு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. சாம்பல் பூராத்தையும் நான் கொழாய் வழியா அடுப்புக்குள்ள தள்ள, அடுப்புல இருந்து சமையக்கட்டுக்கு வர, சமையக்கட்டுல இருந்து ஹாலுக்குப் போக, மேல காத்தாடி அத ஊருக்கே பந்தி வெச்சிருக்குது.

வேலைய முடிச்சுட்டு உள்ள வாறேன். ஹெட்மாஸ்டரு வெள்ள வேட்டி வெள்ளச் சட்டைல வந்தவரு, மீசையில இருந்து பாதம் வரைக்கும் சாம்பக் கலரு. பக்கத்துல பிருந்தாவோட தாய்மாமன் நஞ்சப்பன், அவரும் அப்படியே. சம்பந்தியம்மா மடில தாம்பாளம். அதுல பூ எது பழம் எதுன்னு தெரியல. பிருந்தாவோட சேத்து நாலு பேருக்கும் கண்ணு மட்டும் முழிக்குது. எனக்கு அடக்க முடியல, பொக்குனு சிரிச்சுட்டேன். தப்புதான். ஆனா நீங்க அந்த எடத்துல இருந்திருந்தா நீங்களும் சிரிச்சிருப்பீங்க.

நஞ்சப்பன் எந்திரிச்சுட்டாரு. "பொண்ணக் கொண்டாந்து உட வந்தா வாசல்ல மஞ்சத்தண்ணி சுத்துவாங்க, நீங்க சாம்பலக் கொட்டிச் சிரிக்கறீங்களா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப் போடுங்க"ன்னு கத்தறாரு. ஹெட்மாஸ்டரு வேட்டிய ஒதறிட்டு நிக்கறாரு. பிருந்தாதான் ஓடிப் போயி மொதல்ல காத்தாடிய நிறுத்துனா. பட்டுச் சீல பூரா சாம்பல். நேரா எங்கிட்ட வந்தா. வந்து என்ன கேட்டா தெரியுமா? "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? மூச்சு முட்டலையே?"ன்னு கேட்டா.

அது சரி. அதுக்கப்பறம் கேட்டா பாருங்க. "எழுதி ஒட்டிட்டுத்தான போனேன் அத்தை, அதப் படிக்கலையா?"

அத்தன பேரு முன்னால! ஹெட்மாஸ்டரு பாக்கறாரு, நஞ்சப்பன் பாக்கறாரு. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. "நீ எழுதறதையெல்லாம் படிச்சுட்டு உக்கார எனக்கென்ன வேற சோலி இல்லையா? உன்ற காகிதத்த அந்த அடுப்புலயே போடு"ன்னுட்டேன். அவ உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா. மூஞ்சியில இருந்த சாம்பல்ல தண்ணி ரெண்டு கோடா எறங்குது. அப்படியே திரும்பிப் போயி காருல ஏறிட்டா. லோகு அங்கதான் நிக்கறான். ஒரு வார்த்த பேசல, தலையக் குனிஞ்சுட்டு நிக்கறான்.

நீங்களே சொல்லுங்க தம்பி, மாமியாள நாலு பேரு முன்னால நிக்க வெச்சுப் படிச்சியா படிச்சியான்னு ஒருத்தி கேக்கலாமா? எம்மேல தப்பிருக்குதா?

என்ன, அங்க துணியப் போட்டுத் தொடைக்கறீங்க? அது அந்தக் காகிதம். அத உடுங்க, நீங்க அடுப்பப் பாருங்க. நல்லா எழுதியிருக்குதா? பெரிய பெரிய எழுத்தா? ஆமா, அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு லோகு சொல்லுவான்.

சித்த இருங்க, ரோட்டப் பாத்துட்டு வந்தர்றேன்.

ஆருமில்ல.

தம்பி, அதுல என்னதான் எழுதியிருக்கா? படிங்க பாக்கலாம். கண்ணாடிய ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். பெட்டிக்குள்ள இருக்குதுன்னு சொன்னனா? அது பழசு. நீங்க படிங்க.

"அத்தைக்கு." ம். "அடுப்பை அணைச்சு ரெண்டு மணி நேரம் ஆறட்டும்." அது எனக்குத் தெரியாதா? "மெஷின்ல ரெண்டு பக்கம் இருக்கு. ஊதற பக்கத்தைக் குழாயில வெக்கவே கூடாது. உறிஞ்சற பக்கத்தைத்தான் வெக்கணும்." அடிப்பாவி! அது உறிஞ்சுமா? ரெண்டு பக்கமா அதுக்கு? அப்ப அந்தப் பக்கம் ஓட்டையா இருந்துச்சே, அதுவா? "ஊதற பக்கத்துல ஈரச் சாக்கைக் கட்டிருங்க. சாம்பல் எல்லாம் அதுல விழுந்துரும்." அதுக்குத்தான் வாரா வாரம் சந்துல ஈரச் சாக்கு காயுதா! நான் கால் தொடைக்கறதுன்னு நெனச்சேன்.

இன்னும் இருக்குதா? கீழயா? படிங்க. ஏன் நிறுத்திட்டீங்க? என்னையப் பாக்காதீங்க, காகிதத்தப் பாத்துப் படிங்க.

"மூக்குல துணி கட்டிக்கங்க, தூசி பட்டா உங்களுக்குத் தும்மல் நிக்காது. சிரமமா இருந்தா நீங்க செய்ய வேண்டாம். எனக்கு ஒரு போன் பண்ணுங்க அத்தை. ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வந்து, செஞ்சு குடுத்துட்டு, காப்பி குடிச்சுட்டுப் போயிடறேன். நீங்க கூப்பிட்டா எந்நேரம்னாலும் வருவேன்."

இன்னொருக்காப் படிங்க. அந்தக் கடைசி வரிய மட்டும்.

அப்ப ஒரு மாசமா... நான் கூப்புடுவேன், கூப்புடுவேன்னு போன வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது அந்தப் புள்ள. அஞ்சு ஞாயித்துக்கெழம. நான் இங்க முறை பேசிட்டு உக்காந்திருக்கேன். அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

தம்பி, கண்ணாடி கதையெல்லாம் பொய்யி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எழுத்துதான் தெரியாது. ஒரு நாளு பள்ளிக்கூடம் போனவ இல்ல நான். வெளிய போர்டுல பாவாயி மெஸ்ஸுன்னு இருக்குதே, அந்த பாவாயி மட்டுந்தான் எழுதுவேன். எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் அவரு படிச்சாரு. அப்பறம் லோகு. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு ஹெட்மாஸ்டரு, அம்மா என்ன படிச்சிருக்கீங்கன்னு மரியாதையாக் கேட்டாரு. அவரு ஊட்டு செவுரு பூராப் புஸ்தகம். எட்டாவதுன்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. லோகு என்னையத் திரும்பிப் பாத்தான். வெளிய வந்து அவங்கிட்ட என்ற தலையில கைய வெச்சு சத்தியம் வாங்குனேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாதுன்னு. பாவம், வெள்ளிக்கெழம அவன் வாயத் தொறக்காம நின்னது அதுக்குத்தான்.

அவ நான் மதிக்கலன்னு நெனச்சுட்டா. நான் அவ என்னையச் சொல்லிக் காட்டறான்னு நெனச்சுட்டேன்.

இந்தாங்க போனு. இல்ல, எனக்கே போடத் தெரியும், அவ போட்டோவ வெச்சுக் குடுத்திருக்கா, அதத் தொட்டாப் போதும். அதுக்குப் படிப்பு வேண்டாம்னு அவதான் சொல்லிக் குடுத்தா. லோகு அங்க இருக்கான், ஹெட்மாஸ்டரு இருப்பாரு, நஞ்சப்பன் இருந்தாலும் இருப்பாரு. தெரிஞ்சுட்டுப் போகட்டும். ஆனா இங்க வெளிய எல அறுக்கற பொம்பளைங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க காதுல உழுந்தா பெருந்துறை பூரா ஆயிரும். தம்பி, ஒரு ஒத்தாச பண்ணுங்க. அந்த மிஷின எடுத்துச் சும்மா ஓட உடுங்க. சத்தமா இருக்கட்டும். அந்தச் சத்தத்துல நான் சொல்லிப் போடறேன்.

அடிக்குது. ரெண்டு தடவ அடிச்சிருச்சு. மூணு.

அலோ? பிருந்தா? அம்மணி, நான் அத்தை பேசறேன்டா. அத்தை... என்ன? கேக்கலையா? சத்தமா இருக்குதா?

தம்பி, நிறுத்துங்க. மிஷின நிறுத்திருங்க. வெளிய கேட்டாக் கேக்கட்டும். அவளுக்குக் கேக்கோணும்.